மலர்வளையமும் மீசான் கல்லும்: கொழும்பு மரண வீடுகளில் பூக்கள்

எங்கள் பாடசாலை ஆசிரியர் நலன்புரிச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக நான்தான் பொருளாளர். சங்கத்தின் யாப்பு இரண்டே பக்கம். அங்கத்தவர் ஒருவரின் தாயோ தகப்பனோ துணையோ பிள்ளையோ காலமானால் சங்கத்தின் சார்பில் மலர்வளையம் ஒன்று வைக்கப்படும் என்று அதில் ஒரு வாசகம் உண்டு. அதை எழுதிய குழுவில் முஸ்லிம்களும் இருந்திருக்கிறார்கள். தங்கள் வீட்டுக்கு அந்த மலர்வளையம் வந்தால் அதை எங்கே வைப்பது என்று அவர்கள் யோசிக்கவில்லை போலும்.

நான் பொறுப்பெடுத்த முதல் வருடமே அது நடந்தது. மாளிகாவத்தையில் இருந்து வரும் ஆசிரியர் ஒருவரின் வாப்பா சுபஹுக்கு மௌத்தானார். செயலாளர் யாப்பின்படி கடைக்குப் போன் பண்ணிவிட்டார். வளையம் கட்டி முடித்து வேனில் ஏற்றிக்கொண்டு போனபோது லுஹர் தொழுகையோடு ஜனாஸா எடுத்தாயிற்று. மூன்றடி உயரமான வெள்ளை வளையத்தோடு ஆசிரியர்கள் நான்கு பேர் ஒழுங்கைக்குள் நின்றார்கள். திருப்பிக்கொண்டு வந்து விஞ்ஞான ஆய்வுகூடச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். ஒரு கிழமை அது அங்கேயே கிடந்து பழுத்தது. அதற்குப் பிறகு முஸ்லிம் வீடுகளுக்குப் பணமாகக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். ஆனால் மற்ற வீடுகளுக்கு எந்தப் பூ, எந்த நிறம், மாலையா வளையமா என்ற கேள்விகள் என் தலையில் விழுந்தன. வெள்ளவத்தையில் ஒரு விதம், கொட்டாஞ்சேனையில் இன்னொரு விதம், நுகேகொடையில் வேறொரு விதம். கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கொப்பியில் இருந்து பிறந்தது.

இதற்கும் முந்திய ஒரு காரணமும் உண்டு. 2006ஆம் ஆண்டு வெள்ளவத்தை வீட்டில் எங்கள் உம்மா மௌத்தானபோது, பக்கத்து வீட்டு அன்ரி ஒரு மல்லிகை மாலையோடு வந்தா. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். 1983 ஜூலையில் அவவையும் மூன்று பிள்ளைகளையும் உம்மா எங்கள் பின்னறையில் ஐந்து நாள் வைத்திருந்தா. எனக்கு அப்போது ஆறு வயது. சத்தம் போடக்கூடாது என்று உம்மா வாயில் விரல் வைத்துக் காட்டியது மட்டும் ஞாபகம். அந்த அன்ரி வாழையிலையில் சுற்றிய மாலையை நீட்டி, "அம்மாவுக்கு எண்டு கொண்டு வந்தனான்" என்றா. வாசலில் நின்ற எங்கள் மாமா ஒருவர், "எங்கட மையித்துக்குப் பூ போடுறல்ல தங்கச்சி" என்று அதை வாங்கி, கரண்ட் மீற்றர் பெட்டிக்கு மேலே வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதைச் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அன்ரியின் முகத்தை நான் பார்த்தேன். இரவு எல்லாம் ஓய்ந்த பிறகு மீற்றர் பெட்டிக்கு மேலே தேடினேன். மாலையைக் காணவில்லை. யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

சொற்களில் இருந்து தொடங்குகிறேன். தமிழ் படித்தவளுக்கு அதுதான் வரும். பத்திரிகைகளின் மரண அறிவித்தலைப் பாருங்கள். பூதவுடல் பொரளையில் இன்ன மலர்ச்சாலையில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டுள்ளது என்றிருக்கும். தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு பேராசிரியர் இதை வாசித்துவிட்டு, பூக்கடையில் ஏன் பிணத்தை வைக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். சிங்களத்தில் மல்ஷாலா, மல் என்றால் பூ. அதை அப்படியே தமிழாக்கி மலர்ச்சாலை என்கிறோம். பெட்டி விற்பவரும் உடலுக்கு எம்பாம் பண்ணுபவரும் வாகனம் விடுபவரும் சேர்ந்த தொழிலுக்கு இந்தத் தீவு பூவின் பெயரை வைத்திருக்கிறது. சிங்களத்தில் மரண வீட்டை மலகெதர என்பார்கள். அங்கே 'மல' என்பது இறந்த என்ற பொருள்; பூவுக்கும் அதற்கும் ஒரே ஓர் உயிரொலிதான் வித்தியாசம். எங்கள் மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பூ வீடு என்று மொழிபெயர்த்து எழுதியதும் உண்டு. நான் புள்ளி வெட்டவில்லை.

மலர்வளையம் என்பதும் புதுச் சொல். பழந்தமிழில் மாலைக்குப் பஞ்சமில்லை. தலையில் சூடினால் கண்ணி, ஆணின் மார்பில் தார், பெண்ணுக்குக் கோதை. இன்னும் தெரியல், தொடையல், பிணையல், படலை என்று நீளும். ஆனால் பூவை வட்டமாகக் கட்டி மனிதர் மேல் போடாமல் தாங்கியில் நிறுத்தி வைக்கும் பொருளுக்குத் தமிழில் பெயர் இருக்கவில்லை, பொருளே இருக்கவில்லை. அது ஐரோப்பியரோடு வந்தது. கிரேக்கரும் உரோமரும் தலையில் சூடிய வளையம் நூற்றாண்டுகள் தாண்டி விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் சவப்பெட்டி மேல் ஏறி, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறியது. இன்று சிங்களவரும் தமிழரும் அதைத் தங்கள் பழைய வழக்கம் போலவே செய்கிறார்கள்.

இறந்தவருக்குப் பூ என்பது மட்டும் தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் போரின் கட்டங்களுக்கு வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று பூக்களின் பெயரையே வைத்தது. நிலையாமையைப் பேசும் திணைக்குக் காஞ்சி. புறநானூற்று 264ஆம் பாட்டில், உறையூர் இளம்பொன் வாணிகனார் வீரன் ஒருவனுக்குக் கல் நடுவதைச் சொல்கிறார். பரற்கற்களைக் குவித்த மேட்டில், மரல் நாரில் தொடுத்த சிவந்த பூக்கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, பெயரையும் பொறித்து நடுகிறார்கள். இந்தப் பாட்டை வகுப்பில் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மீசான் கல் ஞாபகம் வரும். கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற அந்தக் கல்லுக்கும் நடுகல்லுக்கும் தொடர்பு உண்டென்று நான் வாதாட வரவில்லை. அடையாளத்துக்குக் கல் நட வேண்டும் என்ற மனம் மட்டும் இரண்டுக்கும் பொது. பூவில்தான் வழி பிரிகிறது.

அதே நூலின் 242ஆம் பாட்டு வேறு மாதிரி. பெருஞ்சாத்தன் இறந்த பிறகு குடவாயிற் கீரத்தனார் ஒரு முல்லைக் கொடியோடு வழக்காடுகிறார்: சூட ஆளில்லை, பறிக்க ஆளில்லை, உனக்கு மட்டும் எப்படிப் பூக்க மனம் வந்தது என்று. இங்கே இறந்தவனுக்குப் பூப் போடவில்லை. இருப்பவர்கள் பூவைத் துறக்கிறார்கள். இந்த இரண்டாவது வழக்கம் எல்லாச் சமூகத்திலும் ஒரு வடிவத்தில் இருக்கிறது. சைவப் பெண் கணவனை இழந்தால் பூவும் பொட்டும் போய்விடும். எங்களில் இத்தா இருக்கிற பெண் நான்கு மாதமும் பத்து நாளும் நறுமணம் பூசமாட்டாள். ஏனையோருக்காகத் துக்கம் அனுஷ்டிப்பது மூன்று நாள்தான். தகப்பன் அபூ ஸுஃப்யான் மௌத்தான செய்தி கேட்ட உம்மு ஹபீபா (ரழி) அவர்கள், தனக்குத் தேவை இல்லாதபோதும் மூன்றாம் நாள் வாசனைப் பொருளை வரவழைத்துப் பூசிக் காட்டியதாக ஹதீஸில் வருகிறது. அன்ரியும் 1990களில் கணவனை இழந்தவ. அதற்குப் பிறகு தலையில் பூ வைத்ததை நான் பார்த்ததில்லை. தான் வைக்காத மல்லிகையைத்தான் உம்மாவுக்கு வாங்கி வந்திருந்தா.

சைவ வீடுகளின் முறையை நான் அன்ரியிடமே கேட்டு எழுதினேன். கணவன் இருக்க மனைவி இறந்தால் அவள் சுமங்கலி. பட்டு, குங்குமம், சிவப்புப் பூ எல்லாம் உண்டு. கணவனை இழந்தவள் என்றால் வெள்ளை. தென்னங்குருத்தில் தோரணம் கட்டுவார்கள். கல்யாண வீட்டுத் தோரணத்தில் மடிக்கிற குருவி மேலே பார்க்கும், செத்தவீட்டில் கீழே பார்க்கும். பொற்சுண்ணம் இடிப்பார்கள், திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பார்கள். மாலையை உடலில் போட்டால்தான் மரியாதை. வளையம் கொண்டு வருவது கந்தோர்க்காரர் வேலை என்பது அன்ரியின் அபிப்பிராயம். "அதை ஒருத்தரும் தொட்டும் பாக்கிறேல்லைப் பிள்ளை. றிபனில ஆற்ற பேர் எண்டு மட்டும் பாப்பினம்" என்றா. இந்த றிபன் விஷயத்துக்குப் பிறகு வருவேன்.

பௌத்த வீடுகள் எனக்கு இலகு. வெள்ளை. தெருவில் வெள்ளைக் கொடி, கொக்கொல எனப்படும் தென்னங்குருத்து அலங்காரம், வெள்ளை உடுப்பு, வெள்ளைப் பூ. பன்சலையில் புத்தருக்குப் பூ வைக்கும்போது சொல்லும் பாளிச் செய்யுள், இந்தப் பூ வாடுவது போல என் உடலும் அழியும் என்ற கருத்தைச் சொல்வது. பூவின் அழகைவிட அது வாடுவதே அங்கே முக்கியம். அதனால் பௌத்தருக்கு மரணத்தில் பூ வைப்பது வழிபாட்டின் தொடர்ச்சி, விளக்கம் தேவையில்லை.

கொட்டாஞ்சேனைதான் நான் அதிகம் கற்ற இடம். ஐந்து லாம்புச் சந்தியில் இருந்து மேலே ஏறினால் சாந்த லூசியா பேராலயம், முத்துமாரியம்மன் கோயில், தீபதுத்தாராமய விகாரை. கீழே கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயில், அதற்குக் கிட்ட சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயில். இத்தனைக்கும் நடுவில் பூக்கட்டுகிறவர் ஒருவரிடம் பல வருடமாகச் சங்கத்தின் வளையங்களை வாங்குகிறேன். முன்பெல்லாம் வைக்கோலை வளைத்துக் கட்டி, ஈர்க்கில் குத்திப் பூச் செருகுவார்களாம். இப்போது பச்சை நுரைக்கட்டி. நுவரெலியாவில் இருந்து வருகிற காணேஷனும் லில்லியும், ஓர்க்கிட், அந்தூரியம். கத்தோலிக்க வீட்டுக்குச் சிலுவை வடிவத்திலும் கட்டுவார். நவம்பர் 2ஆம் திகதி, மரித்த விசுவாசிகளின் தினத்தில், மாதம்பிட்டி மயானம் மெழுகுதிரியும் பூவுமாக இருக்கும். அவருக்கு வருடத்தில் கைநிறைய வேலை உள்ள நாள்களில் அது ஒன்று.

கத்தோலிக்கரின் பூவைப் பற்றி வாசித்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் இறந்தவருக்குப் பூமாலை போடாதவர்கள். மினூசியஸ் ஃபீலிக்ஸ் என்பவர் 2ஆம், 3ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி எழுதிய 'ஒக்டேவியஸ்' என்ற உரையாடல் நூலில், உரோமச் சமயத்தவர் ஒருவர் கிறிஸ்தவர்கள் மேல் சொல்லும் குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று: இவர்கள் கல்லறைகளுக்குக்கூட மாலை மறுக்கிறார்கள். வாடுகிற மாலை எங்களுக்கு வேண்டாம், வாடாததை இறைவனிடம் எதிர்பார்க்கிறோம் என்ற தொனியில் கிறிஸ்தவர் பதில் சொல்கிறார். தெர்த்தூலியனோ மாலை சூடுவதை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் புனித ஜெரோம், மனைவியை இழந்த பம்மாக்கியஸுக்கு எழுதிய கடிதத்தில், மற்றக் கணவர்கள் மனைவியின் கல்லறையில் ரோஜாவும் லில்லியும் தூவுகிறார்கள், நீ தருமம் செய்கிறாய் என்று பாராட்டுகிறார்.

வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். இது அப்படியே எங்கள் ஃபிக்ஹு நூல் பேசுகிற பேச்சு. ஔரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஹனஃபி நூலான ஃபதாவா ஆலம்கீரி, கபுறின் மேல் ரோஜாவும் மணமுள்ள இலைகளும் வைப்பது நல்லது, அந்தப் பூவின் விலையை ஸதகாவாகக் கொடுத்தால் அதைவிட நல்லது என்ற கருத்தைச் சொல்கிறது. பெத்லகேமில் ஒரு துறவியும், பதின்மூன்று நூற்றாண்டு கழித்து இந்தியாவில் உலமாக்களும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். நலன்புரிச் சங்கத்தில் முஸ்லிம்களுக்குப் பணமாகக் கொடுப்போம் என்று நாங்கள் செய்த தீர்மானமும் இதே கணக்குத்தான். அப்போது எங்களுக்கு அது தெரியாது.

ஆக, "எங்களில் பூ இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. இப்னு அப்பாஸ் (ரழி) அறிவித்து புகாரியில் வருகிற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கபுறுகளைக் கடந்து போன நபி (ஸல்) அவர்கள் ஒரு பச்சைப் பேரீச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து இரண்டிலும் நட்டார்கள்; அவை காயாதிருக்கும் வரை வேதனை இலேசாகலாம் என்றார்கள். புரைதா (ரழி) தனது கபுறில் இரண்டு மட்டை வைக்கும்படி வஸிய்யத் செய்தார். 10ஆம் நூற்றாண்டு அறிஞர் கத்தாபி, அது நபியவர்களுக்கே உரியது, மற்றவர்கள் செய்வதற்கு அடிப்படை இல்லை என்றார். 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த இப்னு ஹஜர் அல்ஹைதமீ, ஷாஃபிஈகள் பெரிதும் மதிக்கும் துஹ்ஃபா என்ற நூலில், பச்சை மட்டை வைப்பது சுன்னத் என்றும், ரைஹான் முதலியவற்றை இடும் வழக்கம் அதோடு ஒப்பிட்டுக் கொள்ளப்பட்டது என்றும் எழுதினார். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபு. எங்கள் மையவாடிகளில் கபுறை மூடியதும் பச்சைக் கொப்பு ஒன்றை ஊன்றுவது இந்த வழியில் வந்தது. தௌஹீது இயக்கங்கள் பரவிய பிறகு அதையும் வேண்டாம் என்பவர்கள் வந்தார்கள். இரண்டு தரப்பும் கிதாபு காட்டும். தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா அல்ல. அந்தக் கேள்வி நேற்று முளைத்ததல்ல, ஆயிரம் வருடத்துக்கும் மேலாகப் பேசப்படுகிறது என்பது மட்டும் என் சங்கதி.

ரைஹான் என்பது எது? ஸூரத்துல் வாகிஆவின் 89ஆம் ஆயத்தில், இறைவனுக்கு நெருக்கமானவரின் மரண வேளையைப் பற்றிச் சொல்லுமிடத்தில் அந்தச் சொல் வருகிறது. பொதுவாக நறுமணமுள்ள செடி. வழக்கில் தமிழின் திருநீற்றுப்பச்சை. நோன்பு காலத்தில் சர்பத்திலும் பலூடாவிலும் ஊறவைத்துப் போடுகிறோமே கசகசா என்று, அது இந்தச் செடியின் விதை. கார்மேல் மலையில் ரக்கேஃபெட் என்ற குகையில் ஏறத்தாழ 12,000 ஆண்டுக்கும் முந்திய புதைகுழிகளை ஆராய்ந்தவர்கள், குழியின் சேற்றுப் பூச்சில் பூந்தண்டுகள் பதிந்த தடங்களைக் கண்டு 2013இல் அறிவித்தார்கள். அவற்றில் சில புதினா, துளசிக் குடும்பத்தவை. ரைஹானும் அதே குடும்பம்தான்.

இன்னொன்றும் உண்டு. மையித்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் இலந்தை இலையும், கடைசித் தண்ணீரில் கர்ப்பூரமும் சேர்க்கச் சொன்னது உம்மு அதிய்யா (ரழி) அறிவிக்கும் ஹதீஸ். கபனில் சந்தனம், அத்தர், பன்னீர். உம்மாவைக் குளிப்பாட்டி முடித்த அறையில் ரோஜாப் பன்னீர் மணம் மூன்று நாள் நின்றது. மாமாவின் வசனத்தைப் பிற்பாடு யோசித்தபோது இதுதான் மனதில் வந்தது. பூவைப் போடவில்லை, பூவைப் பிழிந்து தெளித்திருந்தோம். தமிழ்நாட்டு முஸ்லிம்களிடம் சந்தூக்கின் மேல் பூப்போர்வை போர்த்தும் வழக்கம் உண்டு. அஜ்மீரில் ரோஜா குவியும். கொழும்பு தெவட்டகஹா பள்ளி ஸியாரத்துக்கும் பூ வரும். ஜாவாவில் கபுறடிக்குப் போவதற்கான வினைச்சொல்லே 'ஞெகார்'. பூ என்று பொருள்படும் 'செகார்' என்பதில் இருந்து வந்தது. கொம்பனித்தெருவில் குடியேறிய மலாய்க்காரரின் முன்னோர்கள் அந்தத் தீவுகளில் இருந்து ஒல்லாந்தர் கொண்டு வந்தவர்கள். ஒரே மத்ஹபுக்குள், ஒரே கடலின் இரண்டு கரையில், இவ்வளவு வித்தியாசம்.

நேரமும் ஒரு காரணம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சுபஹுக்கு மௌத்து என்றால் அஸருக்குள் அடக்கம். மலர்ச்சாலையில் எம்பாம் பண்ணி, கனடாவில் இருந்து மகன் வரும்வரை மூன்று நாள் வைத்திருக்கும் வீட்டில்தான் வளையங்கள் வந்து சேர நேரமிருக்கிறது. வெறுமனே கொள்கை என்று நாங்கள் நினைக்கிற சிலது கடிகாரமும்தான்.

பூக்களுக்கும் சமயம் கிடையாது என்பதற்கு என் கொப்பியில் மூன்று பெயர்கள். பன்சலை முற்றத்தின் அரலியவை நாங்கள் அலரி என்கிறோம். பிரதமரின் அலரி மாளிகையும் அதுதான். தமிழ் அகராதியில் அதற்கு ஈழத்தலரி என்று பெயர், ஈழத்தில் இருந்து வந்தது என்ற எண்ணத்தில். உண்மையில் அது அமெரிக்க வெப்பமண்டல மரம். மலாய் நாடுகளில் அதை முஸ்லிம் மையவாடிகளில் நடுகிறார்கள். இரண்டாவது, மாலைகளில் வருகிற மஞ்சள் மெக்சிக்கோச் செவ்வந்தி. அங்கே இறந்தோர் திருநாளில் கல்லறைகளை மூடுகிற பூ. அதன் தமிழ்ப் பெயர் துலுக்கச் செவ்வந்தி! எங்கள் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மட்டும் வராத பூ. மூன்றாவது பட்டிப்பூ. மடகஸ்கார்ச் செடி. தமிழ்நாட்டில் ஒருவர் நித்தியகல்யாணி என்பார், அடுத்தவர் சுடுகாட்டு மல்லி என்பார். சிங்களத்தில் மினீ மல், அதாவது பிணப்பூ. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பது அதில் இருந்துதான்.

இனி றிபன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனை வரலாற்றில் இரத்தம் சிந்திய ஈஸ்டர் அது முதலாவதல்ல. 1883இல் பௌத்த ஊர்வலம் சாந்த லூசியாவைக் கடந்தபோது கலவரம் மூண்டதும் ஓர் ஈஸ்டர் ஞாயிறுதான். ஆனால் இம்முறை செய்தவர்கள் எங்கள் பெயர் வைத்தவர்கள். எங்கள் பாடசாலைக் கத்தோலிக்க ரீச்சர் ஒருவரின் நெருங்கிய உறவு அந்தக் கோயிலில் போனது. நகரம் எங்கும் வெள்ளைக் கொடி. அபாயாவோடு அந்தத் தெருவுக்குள் போக என் வீட்டார் விடவில்லை, எனக்கும் துணிவில்லை. பூக்காரருக்குப் போன் எடுத்து வெள்ளை வளையம் கட்டச் சொன்னேன். "றிபன்ல யார் பேர் போடுறது டீச்சர்?" என்று கேட்டார். வழமையாகச் சங்கத்தின் பெயரும் கீழே பொருளாளர், செயலாளர் பெயரும் வரும். என் பெயரைப் பார்த்து அந்த வீட்டில் யாராவது புண்பட்டால்? வளையத்தைத் தூக்கி எறிந்தால்? "சங்கம் மட்டும் போடுங்க" என்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் அந்த ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் றிபனில உங்கட பேர் இருக்குதா எண்டு தேடினன்." நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் முறை எங்கள் பக்கம் திரும்பியது. 2020 மார்ச் கடைசியில் இருந்து கொரோனாவில் மௌத்தான முஸ்லிம்கள் எரிக்கப்பட்டார்கள். ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் பலனில்லை. டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தை பொரளைக் கனத்தையில் எரிக்கப்பட்டபோது, மக்கள் வந்து மயான வாயில் கம்பிகளில் வெள்ளைத் துணிக் கீறுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். கபன் துணி. முஸ்லிம்கள் மட்டும் அல்ல, கன்னியாஸ்திரிகளும் பிக்குகளும் சிங்களத் தாய்மாரும் கட்டினார்கள். நானும் போனேன். எதிரே பூக்கடைகளில் வளையங்கள் வரிசையாக நின்றன. 1983 ஜூலை 24 மாலை, திருநெல்வேலியில் கொல்லப்பட்ட பதின்மூன்று படையினரின் அடக்கத்துக்குக் கூட்டம் கூடி, அங்கிருந்து வன்முறை புறப்பட்டதும் இதே கனத்தையில் இருந்துதான். மறுநாள் அது வெள்ளவத்தைக்கு, எங்கள் பின்னறை வரை வந்தது. கம்பியில் ஒரு துணியைக் கட்டும்போது எனக்கு அதுதான் ஓடியது. அந்தத் துணிகள் பிறகு அகற்றப்பட்டன. 2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாறி, மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அங்கே மற்றச் சமயத்தவரும் அடக்கப்பட்டிருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

2022இல் அன்ரி காலமானா. மலர்ச்சாலையில் வைத்திருந்தார்கள். வளையம் என்றால் யாரும் தொட்டும் பார்க்க மாட்டார்கள் என்று அவவே சொன்னதால், கொட்டாஞ்சேனைப் பூக்காரரிடம் மல்லிகை மாலை கேட்டேன். "சுமங்கலியா டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். சிவப்பு ஒன்றும் சேர்க்காமல் வெள்ளையாகக் கட்டி, வாழையிலையில் சுற்றித் தந்தார். 138 பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் யாராவது மறித்து, நீங்கள் போடக்கூடாது என்று சொல்வார்களோ என்று வழி முழுக்க யோசனை. கனடாவில் இருந்து வந்திருந்த மூத்த மகள் என்னைக் கண்டு எழும்பி வந்தா. மாலையைப் பார்த்தா.

"உங்கட அம்மாவுக்கு அம்மா கொண்டு வந்த மாலை ஞாபகம் இருக்கே?" என்று கேட்டா.

"இருக்கு. இராவு தேடினேன், காணல்ல."

"வெளிக்கிடேக்க அம்மா அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தவ. பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கடலில விட்டவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவ."

பிறகு என் கையைப் பிடித்துப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனா. வாழையிலையை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அவதான் அவிழ்த்துத் தந்தா.